அம்மனுக்குச் சொல்லாத விவரம்

1. கையெழுத்து எங்கன?

"எங்கன கையெழுத்துப் போடணும்?"

மனநல ஆய்வுப் பிரிவில் எனக்கு முதல் நாள். முதல் ஆளாக உள்ளே வந்தவர் உட்காரும்போதே கேட்ட கேள்வி இது. நான் இன்னும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவராகவே மேஜையில் கிடந்த பேனாவை எடுத்தார், தாள்களைப் புரட்டினார், கடைசிப் பக்கத்தில் கோடு போட்ட இடத்தைக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டார். "வரட்டுமா மேடம், கம்பெனிக்கு நேரமாச்சு" என்று எழுந்தும் விட்டார். பிறகுதான் தெரிந்தது, அவர் நோயாளியே இல்லை. நோயாளியின் மைத்துனர்.

அவரைக் குறை சொல்ல முடியாது. சிவகாசிப் பக்கத்து ஆட்கள் படிக்காத தாளில் கையெழுத்துப் போட்டே பழகியவர்கள். பி.எஃப். தாள், போனஸ் தாள், விபத்து நடந்தால் யாரோ நீட்டுகிற தாள். கையெழுத்துக் கேட்கிறவர் உட்கார்ந்திருப்பார், போடுகிறவர் நின்றுகொண்டிருப்பார். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "ஏன், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். கேட்டவருக்கு வெட்கமாகப் போய்விடும்.

எனக்கோ தொழிலே அதற்கு நேர்மாறு. தாளில் இருப்பதை ஒன்றுவிடாமல் சொல்லி, அவர் புரிந்துகொண்டாரா என்று பார்த்து, "வேண்டாம் என்றால் போகலாம்" என்று நாலு தடவை சொல்லி, அதற்குப் பிறகும் அவராக விரும்பினால்தான் கையெழுத்து. அன்றிலிருந்து பேனாவை மேஜையில் வைப்பதை விட்டேன். அது என் கைப்பையில் கிடக்கும். பேச்சு முடிகிறவரை வெளியே வராது. சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை உருவுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் வாங்கி வைத்துக்கொள்வேன். "கண்டிப்பான மேடம்" என்று பேர் வந்ததற்கு அதுதான் காரணம். வாயும் கொஞ்சம் நீளம் என்பது இன்னொரு காரணம்.

நான் மல்லாங்கிணற்றுக்காரி. முப்பது வருஷத்துக்குக் குறையாமல் மனநல சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கடைசிச் சில வருஷம் இந்தச் சம்மதம் வாங்குகிற வேலை. இப்போது இதே வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் போனில் சந்தேகம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. அதனால் மொத்தமாக இதில் எழுதிவிடுகிறேன்.

2. 'சரி' என்பவரிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை

ஆய்வு இதுதான். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு இல்லாத குரல் கேட்கும், இல்லாத எதிரி தெரிவான். மாத்திரையில் பெரும்பாலும் அடங்கும். சிலருக்கு முக்கால்வாசி அடங்கிவிட்டு, ஒன்றிரண்டு குரல் மட்டும் போகாமல் நிற்கும். அந்த மிச்சக் குரலையும் நிறுத்துமா என்று பார்க்க ஒரு புது மாத்திரை. பழைய மாத்திரையோடு இதையும் சேர்த்துத் தருவார்கள். ஆனால் எல்லோருக்கும் இல்லை. பாதிப் பேருக்குத்தான் அசல். மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் பிரித்துவிடும். டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வெறும் மாத்திரையை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். பட்டாசுக் கடையில் பார்வைக்கு வைக்கிற டப்பாவில் வெடிமருந்து இருக்காது. "டம்மி" என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மற்ற ஊர்களில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மனநோய் என்று ஒரு பேர் வந்துவிட்டதாலேயே ஒருவர் தன் விஷயத்தைத் தானே முடிவெடுக்கிற உரிமையை இழப்பதில்லை. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. நாங்கள் பார்க்க வேண்டியது நாலு. சொன்னது புரிந்ததா? அது தனக்கு நடக்கப்போகிற காரியம் என்று உணர்கிறாரா? நல்லது கெட்டதை எடைபோடுகிறாரா? தன் முடிவைத் தன் வாயால் சொல்கிறாரா? இந்த நாலும் கேமராவில் பதிவாகும். யாரோ தன்னைப் படம் பிடிக்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் பயந்து கிடந்தவரிடம், "உங்களைப் படம் பிடிக்கப் போகிறோம், சம்மதமா?" என்று கேட்பதைப் போல ஒரு தர்மசங்கடம் வேறு எந்த உத்தியோகத்திலும் இருக்காது. ஆனாலும் கேட்டோம். படத்தை யார் யார் பார்ப்பார்கள் என்றும் சொன்னோம். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டார்கள். மறைக்காமல் எடுக்கிற கேமரா என்றால் பயம் குறைவுதான் போல.

புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. நோயாளி "மாட்டேன்" என்றால் உடனே உஷாராகிவிடுவார்கள். ஏன் மாட்டேன் என்கிறார், புரியவில்லையா, குரல் ஏதும் தடுக்கிறதா என்று துருவுவார்கள். "சரி" என்றால் பேனாவை நீட்டிவிடுவார்கள். காளிராஜ் என்ற ஒரு ஆளால்தான் நான் 'சரி'யையும் துருவக் கற்றுக்கொண்டேன்.

3. வெள்ளைப் பூ

காளிராஜுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆனைக்குட்டத்துக்காரர். அக்கா மாரீஸ்வரி வீட்டில் இருந்தார். அவள் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு யூனிட்டில் சரம் பின்னுகிறவள். தம்பியை வெடிமருந்துப் பக்கம் விட முடியாது என்பதால், வீட்டிலேயே பட்டாசுக்கு அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை வாங்கிக் கொடுத்திருந்தாள். அதை அவர் ஒழுங்காகச் செய்தார். மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

மாதா மாதம் அவள்தான் அழைத்து வருவாள். அன்றைக்கு அவளுக்குக் கூலி போய்விடும். சீசன் நேரத்தில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆய்வில் சேர்ந்தால் வேன் வீட்டுக்கே வந்து அழைத்துப்போகும் என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு முகமே மலர்ந்துவிட்டது. நான் விவரம் சொல்லி, ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னேன்.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். மாரீஸ்வரி நெற்றி நிறையத் திருநீறோடு வந்தாள்.

"யோசிச்சாச்சு மேடம். அம்மன் உத்தரவு குடுத்துட்டா. பூக்கட்டிப் பாத்தேன், வெள்ளை விழுந்துச்சு."

பூக்கட்டிப் பார்ப்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். ஏதாவது ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கல்யாணம், கிணறு வெட்டு, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கம் பூ கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. நம்புகிறவர்களிடம் போய் வம்பு வளர்க்கிற ஆளும் இல்லை.

மாரீஸ்வரியை வெளியே உட்கார வைத்துவிட்டு, காளிராஜிடம் கேமரா முன்னால் பேசினேன். ஆய்வைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொன்னேன். தடுமாறாமல் சொன்னார்.

"புது மாத்திரை மேடம். பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்கு டம்மி. எனக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது. தூக்கம் வரலாம், உடம்பு போடலாம். பிடிக்கலேன்னா எப்ப வேணாலும் வேண்டாம்னு சொல்லிக்கிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்ல. அதுக்காக டாக்டர் கோவிச்சுக்கிட மாட்டாக."

"சேர்றீங்களா?"

"சரி."

நாலுக்கு நாலும் சரி. என் கை பைக்குள்ளே போய்விட்டது. என்னவோ தோன்றி நிறுத்தினேன்.

"ஏன் சேர்றீங்க?"

"வெள்ளை விழுந்துருச்சுல்ல மேடம். இனி நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"பூவே கேக்கலைன்னு வைங்க. அப்ப என்ன சொல்லியிருப்பீங்க?"

மேஜையின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பெட்டி ஒட்டுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு, பசை ஒட்டியிருக்கிறதா என்று விளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள்.

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்."

4. குரோஸ் கணக்கு

"மொதல்ல நாலஞ்சு குரல் கேக்கும் மேடம். எல்லாம் கெட்ட கெட்ட பேச்சு. மாத்திரையில அதுக போயிருச்சு. மிச்சம் ஒண்ணுதான் இருக்கு."

"அது என்ன சொல்லும்?"

"எண்ணும்."

"எதை?"

"பெட்டிய. நான் ஒட்ட ஒட்ட, ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே வரும். நூத்தி நாப்பத்தி நாலு வந்தா ஒரு குரோஸ். அதோட நிப்பாட்டிக்கிடும். நடுவுல எந்திரிச்சுப் போய்ட்டு வந்தாலும், விட்ட எடத்துல இருந்து எண்ணும். இன்ன வரைக்கும் தப்பினதே இல்ல."

"வேற ஏதும் செய்யச் சொல்லுமா? திட்டுமா?"

"ஒரு சொல்லு திட்டாது மேடம். இது சீக்குதான்னு எனக்குத் தெரியும். டாக்டர் சொல்லியிருக்காக. ஆனா பகல் பூரா வீட்டுல நான் ஒத்தையில இருக்கேன். அது பாட்டுக்கு எண்ணிக்கிட்டுக் கெடக்கும். அதையும் நிப்பாட்டுற மாத்திரைன்னு நீங்கதானே சொன்னீக? எனக்கு அது வேண்டாம்."

எத்தனையோ பேர் மாட்டேன் என்றதற்குக் காரணம் கேட்டிருக்கிறேன். ஊசி பயம், விஷம் வைக்கிறார்கள் என்ற பயம், உடம்பு போட்டுவிடும் என்ற பயம். மாத்திரை வேலை செய்துவிடுமோ என்று பயந்தவரை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு வந்தது. அவர் சொன்னதில் குழப்பம் எதுவும் இல்லை. ஆய்வு எதற்கு என்று என்னைவிட அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

"இத அக்காட்ட சொல்லலாமா?"

"வேண்டாம் மேடம். என் கணக்கு தப்பாதுன்னு அக்காவுக்கு ஒரே பெருமை. நான் சொல்ற எண்ணிக்கையிலதான் லோடு அனுப்புது. டாக்டர்ட்ட வேணும்னா சொல்லுங்க."

5. டாக்டரின் கல்யாணம்

டாக்டர் சிவபாலன் இளவயது. நல்லவர். கெட்டிக்காரர். இந்த ஆய்வுக்கு எங்கள் இடத்தில் ஆள் குறைவாகச் சேர்ந்திருந்ததால் மேலிடத்திலிருந்து அவருக்கு வாரா வாரம் போன் வந்துகொண்டிருந்தது. காளிராஜ் சொன்னது முழுவதையும் அவரிடம் சொன்னேன்.

"மேடம், நாலு கேள்விக்கும் பதில் சொல்லிட்டார். சரின்னும் சொல்லிட்டார். வீடியோ இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"பூவுக்குப் பயந்து சரின்னு சொல்றார் சார்."

"சாமி நம்பிக்கைய வியாதின்னு எழுத முடியுமா? என் கல்யாணமே பூக்கட்டிப் பாத்துத்தான் முடிவாச்சு. எங்க அம்மா கேட்டாங்க, வெள்ளை வந்துச்சு, நானும் சரின்னேன். அது சம்மதம் இல்லையா? நம்ம கம்ப்யூட்டர் மட்டும் என்ன செய்யுது, அதுவும் பூக்கட்டித்தானே போடுது?"

"உங்க கல்யாணத்துல பாதிப் பேருக்கு டம்மிப் பொண்ணு கிடையாது சார்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னைக் குடைந்தது. சாமியிடம் கேட்டு முடிவெடுப்பது நோய் இல்லை. எங்கள் மாவட்டத்தில் பாதிக் காரியம் அப்படித்தான் நடக்கிறது. காளிராஜ் கோயிலுக்குப் போய், தன் மனதில் இருந்ததைத் தானே கேட்டு, வெள்ளை வந்து, அதனால் சேர்கிறேன் என்றால் நான் வாயை மூடிக்கொண்டு பேனாவைக் கொடுத்திருப்பேன். இங்கே கேட்டது அவர் இல்லை. அவர் மாட்டேன் என்று நினைத்தது அப்போது யாருக்கும் தெரியாது, அம்மன் உட்பட.

"அஞ்சு நிமிஷம் அந்த அக்காட்ட பேசிக்கிடுறேன். அதுக்கப்புறமும் அவர் சரின்னா சேத்துக்கிடலாம்" என்றேன். காளிராஜிடமும் சொன்னேன். அக்காவை உள்ளே கூப்பிடப் போகிறேன், பெட்டிக் கணக்கு என் வாயிலிருந்து வராது, இதில் சேராவிட்டாலும் இப்போது வாங்குகிற மாத்திரையும் டாக்டர் பார்ப்பதும் எதுவும் மாறாது. தலையை ஆட்டினார்.

6. அம்மனிடம் என்ன கேட்டீர்கள்?

மாரீஸ்வரி வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டரும் இருந்தார்.

"அம்மன்ட்ட என்ன சொல்லிக் கேட்டீங்க மாரீஸ்வரி?"

"தாயே, என் தம்பிக்குப் புது மருந்து குடுக்காக, நல்லாயிருவானான்னு கேட்டேன்."

"பாதிப் பேருக்கு டம்மின்னு சொன்னீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். "இல்ல. அத எப்படி மேடம் அவகிட்டப் போயிச் சொல்றது?"

"தூக்கம் வரும், உடம்பு போடும்னு?"

"சொல்லல."

"எப்ப வேணாலும் வேண்டாம்னு விட்டுரலாம்னு?"

"அதுவும் சொல்லல."

"தம்பிக்கு இதுல இஷ்டமான்னு தம்பிகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்னு சொன்னீங்களா?"

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேன்: "எனக்குச் சாமியப் பத்தித் தெரியாதும்மா. எங்க விதியில, முழு விவரம் சொல்லாம ஒருத்தர்கிட்ட வாங்குற சம்மதம் செல்லாது. அம்மனா இருந்தாலும் அப்படித்தான்."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மாரீஸ்வரிக்குக்கூட உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள்.

"அப்ப மறுபடியும் போயி எல்லாத்தையும் சொல்லிக் கேக்கணுமாக்கும்?"

"வேண்டாம்க்கா" என்றார் காளிராஜ். "மனசு ரெண்டா இருந்தாத்தான் பூ கேக்கணும்னு நீதானே சொல்லுவ. எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு. நான் சேரல."

"ஏன்லே?"

அவர் என்னைப் பார்த்தார். "காரணம் சொல்லணும்னு கட்டாயம் இல்ல" என்றேன் நான்.

அதோடு முடிந்தது என்று நினைத்து எழப் போனேன். மாரீஸ்வரி எழவில்லை.

"காரணம் சொல்ல வேண்டாமாம்" என்றாள். குரல் உயரவில்லை. "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். ஏன் மேடம், இவனப் பாத்துக்கிட ஒனக்குச் சம்மதமான்னு என்னைய யாராச்சும் கேட்டாகளா? அம்மா செத்து, காரியம் முடிஞ்ச மறுநாளு இவன் துணிமணியக் கொண்டாந்து எங்க வீட்டுல வச்சாக. அம்புட்டுத்தான். எங்க வீட்டுக்காரரு, ஒன் தம்பி, ஒன் பாடுன்னுட்டாரு. வேன் வந்தா மாசத்துல ஒரு நா லீவு மிச்சம்னு பாத்தேன். அதுவும் இல்ல."

அவள் பேர் எங்கள் தாள்களில் வேண்டிய மட்டும் இருந்தது. உடன் வருபவர், மாத்திரை கொடுப்பவர், தேவைப்பட்டால் அவருக்காகக் கையெழுத்துப் போடுபவர். எல்லா இடத்திலும் அவளை எழுதி வைத்திருந்தோம். அவளிடம் ஒன்றையும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. 

காளிராஜ்தான் பேசினார்.

"நான் கேக்குறேன்க்கா. என்னப் பாத்துக்கிட ஒனக்குச் சம்மதமா? இல்லேன்னா சொல்லு, ஆஸ்பத்திரி விடுதியில இருந்துக்கிடுறேன். இப்ப சரின்னுட்டு அப்புறமும் வேண்டாம்னு சொல்லிக்கிடலாம். நான் காரணம் கேக்க மாட்டேன். கோவிச்சுக்கிடவும் மாட்டேன்."

கேமராவை எப்போதோ நிறுத்திவிட்டோம். மாரீஸ்வரி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"வாய மூடிட்டு எந்திரிலே. பஸ் போயிரும்."

இருவரும் போனார்கள்.  டாக்டர் சிவபாலன், ஆய்வில் சேராதவர்களுக்கும் மாத மாத்திரை ஊருக்கே போக வழி இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். அலைந்து திரிந்து, அந்தப் பக்கம் போகிற கிராம நர்ஸ் மூலம் ஏற்பாடு செய்தோம். மாரீஸ்வரி மாதா மாதம் வருவது நின்றது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று ஆயிற்று.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். நோயாளியிடம் அந்த நாலு கேள்வியையும் கேளுங்கள், சரி என்றாலும் ஏன் என்று கேளுங்கள். அதோடு, கூட வந்தவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "உங்களுக்கு முடியுதா?" நான் அதற்குப் பிறகு எல்லோரிடமும் கேட்டேன். "முடியலேன்னா விட்டுர முடியுமா மேடம்?" என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொன்னார்கள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.